தோற்றுப்போன வரைபடங்களை யார் பத்திரப்படுத்துவது?

பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனின் விடைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற விடைத்தாள்களை எல்லாம் மறுநாளே எடைக்குப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் மார்க் வாங்கியவன் நிஜமாகவே நன்றாக எழுதினானா, இல்லை திருத்தியவர் தூக்கத்தில் திருத்தினாரா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. மறுமதிப்பீடு கேட்கவும் வழியில்லை. "அவர் சொன்னார், அவ்வளவுதான்" என்று எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அரசாங்கக் கட்டிடங்களுக்காக நடக்கும் வடிவமைப்புப் போட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஜெயித்த வடிவம் கட்டிடமாக ஊர் நடுவில் நிற்கிறது. தோற்றவை? சில வரைபடங்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். சில, அலுவலகம் இடம் மாறும்போது குப்பைக்குப் போகும். ஏதாவது ஒரு நூலகத்தின் பெட்டியில் தூங்கும் அதிர்ஷ்டம் கொஞ்சத்துக்குத்தான் உண்டு.

இதைப் பற்றி யோசிக்க கனடா ஒரு நல்ல உதாரணம். அந்த நாட்டில் போட்டிகளும் நடந்திருக்கின்றன, ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கமும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விட்டுப்போன இடைவெளியும் இருக்கிறது. அந்த இடைவெளியை மூட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஐந்நூறு பேர் தோற்ற கதை

டொரண்டோ நகரசபைக் கட்டிடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உயரம் ஒன்றுபோல் இல்லாத இரண்டு வளைந்த கோபுரங்கள், நடுவில் தட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு சபை மண்டபம். சினிமாக்களில் "எதிர்கால நகரம்" காட்ட வேண்டுமென்றால் கேமராக்காரர்கள் தேடிப்போகிற மாதிரியான கட்டிடம்.

ஆனால் முதலில் வந்த திட்டம் இது இல்லை. 1950களின் நடுவில் மூன்று உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு திட்டம் கொடுத்தன. கல்லில் கட்டிய சாதாரண அலுவலகம் மாதிரி இருந்த வடிவம் அது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் அதைக் கடுமையாகச் சாடி பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1955 டிசம்பரில் செலவுக்கு அனுமதி கேட்டு மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தபோது மக்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் மேயர் நேதன் பிலிப்ஸ் காலத்தில் சர்வதேசப் போட்டி என்ற யோசனை வேகம் பிடித்தது. கட்டிடக்கலைப் பேராசிரியர் எரிக் ஆர்தர் அதற்கு ஆலோசகர்.

1958ல் முடிவு வந்தது. 42 நாடுகளிலிருந்து 500க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்திருந்தன. ஜெயித்தவர் பின்லாந்துக்காரரான வில்யோ ரெவெல். நடுவர்களில் ஒருவரான ஈரோ சாரினென் தாமதமாக வந்து சேர்ந்தார் என்றும், ஒதுக்கி வைத்திருந்த குவியலைப் புரட்டிப் பார்த்து ரெவெலின் வடிவத்தை அவர்தான் வெளியே எடுத்தார் என்றும் ஒரு கதை பல காலமாகச் சொல்லப்படுகிறது. 1965 செப்டம்பரில் கட்டிடம் திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க ரெவெல் உயிரோடு இல்லை. 1964லேயே இறந்துவிட்டார்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் சாரினெனின் கூர்மையான கண்ணை மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட குவியலில் இருந்து ஒன்றை மறுபடி எடுத்துப் பார்த்ததால்தான் இன்றைக்கு டொரண்டோவின் அடையாளமாக இருக்கும் கட்டிடமே கிடைத்தது என்றால், அந்தக் குவியலில் அப்படி இன்னும் என்னென்ன இருந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அந்தக் குவியல் எங்கேயாவது இருக்க வேண்டுமே!

நல்லவேளையாக டொரண்டோ விஷயத்தில் ஓரளவு இருக்கிறது. போட்டிக்கு வந்த மாதிரிகளின் புகைப்படங்கள் டொரண்டோ பொது நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இறுதிச் சுற்றுக்கு வந்த எட்டுப் பேரில் ஐ.எம். பேயும் ஒருவர். பிற்காலத்தில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் முன்னால் கண்ணாடிப் பிரமிடு எழுப்பியவர்தான். டொரண்டோவில் அவர் தோற்றார். அந்தத் தோல்வியையும் பார்த்தால்தானே, 1950களில் உலகம் முழுவதும் இருந்த கட்டிடக் கலைஞர்கள் "மக்களின் கட்டிடம்" என்றால் என்ன என்று நினைத்தார்கள் என்பது புரியும்? ஜெயித்த ஒன்று ஒருவருடைய பதில். ஐந்நூறும் சேர்ந்தால் ஒரு தலைமுறையின் பதில்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு வடிவத்துக்கும் மூன்று பேர் இரண்டு மாதம் வேலை செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 500 வடிவங்களுக்கு 3,000 மாத உழைப்பு. அதாவது 250 வருடம்! இதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கூலி கிடையாது, அல்லது சொற்பம். சமூகம் இலவசமாகப் பெற்ற இந்த உழைப்பை "வீண் செலவு" என்று தள்ளுபடி செய்வதா, "சொத்து" என்று ஏட்டில் ஏற்றுவதா? ஏட்டில் ஏற்ற வேண்டுமென்றால் சொத்து கையில் இருக்க வேண்டும்.

1859ல் போட்ட கணக்கு

ஆவணம் என்றால் அழகான படங்கள் மட்டும் இல்லை. கணக்கும் ஆவணம்தான். இதற்கு ஒட்டாவா நாடாளுமன்றத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1859ல் நாடாளுமன்றக் கட்டிடங்களுக்காகப் போட்டி அறிவிக்கப்பட்டது. பெயர் தெரிந்தால் பாரபட்சம் வரும் என்பதால் புனைபெயரில் வடிவங்களை அனுப்பினார்கள். நடுவில் உள்ள நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு தாமஸ் புல்லர், சிலியன் ஜோன்ஸ் ஜோடியும், இருபுறமும் உள்ள அலுவலகக் கட்டிடங்களுக்கு ஸ்டென்ட், லேவர் ஜோடியும் தேர்வானார்கள். வேலை ஆரம்பித்தது. பாறையை உடைப்பது, சூடாக்கும் வசதி, காற்றோட்டம் என்று சரியாகக் கணக்கிடாமல் விட்ட ஒவ்வொன்றும் பூதமாகக் கிளம்பியது. 1861ல் பணம் தீர்ந்து வேலை நின்றே போனது. 1862ல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1863ல்தான் வேலை மறுபடி தொடங்கியது.

150 வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட இந்தக் குளறுபடி இன்றைக்கும் வரிசையாகச் சொல்லக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். காகிதம் இருக்கிறது. யார் என்ன மதிப்பீடு போட்டார்கள், எதை விட்டார்கள், எங்கே எகிறியது என்பதைப் பதிவு செய்தார்கள். வணிகவியல் படிக்கிற எந்த மாணவனுக்கும் தெரிந்த பாடம்தான்: வவுச்சர் இல்லாத செலவுக்குத் தணிக்கை இல்லை.

கதை அதோடு முடியவில்லை. 1916 பிப்ரவரி 3 அன்று இரவு பிடித்த தீயில் நடுக்கட்டிடம் எரிந்தது. பின்னால் இருந்த நூலகம் தப்பியது. அந்த நூலகத்தோடு ஒட்டி ஜான் பியர்சனும் ஜான்-ஓமர் மார்ஷானும் புதுக் கட்டிடத்தை எழுப்பினார்கள். அந்தக் கட்டிடமும் பழசாகி, 2018 முடிவில் அவை உறுப்பினர்கள் வெளியேற, பெரும் புதுப்பிப்பு வேலை தொடங்கியது. அதற்கு 450 கோடி முதல் 500 கோடி டாலர் வரை ஆகும் என்று 2021ல் அரசாங்கம் மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய வேலையில் ஒரு சுவரைத் தொடுவதற்கு முன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய வரைபடம் இருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இல்லையென்றால் உடைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எது செலவு குறைவு என்று சொல்லவே வேண்டியதில்லை.

கட்டாத கட்டிடங்களின் பட்டியல்

ஜெயித்தும் கட்டப்படாத வடிவங்கள் இன்னொரு ரகம். கனடா தேசிய கலைக்கூடத்தின் கதை இதில் தனி ரகம்.

1952ல் கலைக்கூடத்துக்குப் புதுக் கட்டிடம் வேண்டும் என்று போட்டி. வின்னிபெக்கைச் சேர்ந்த கிரீன் பிளாங்க்ஸ்டைன் ரஸல் நிறுவனம் ஜெயித்தது. ஆனால் ஜெயித்த வடிவம் எழும்பவில்லை. பதிலுக்கு, அலுவலகத்துக்கு என்று கட்டிய லோர்ன் கட்டிடத்துக்கு 1960ல் கலைக்கூடம் "தற்காலிகமாக" குடிபோனது. 1976ல் மறுபடி ஒரு போட்டி. இந்த முறை பார்க்கின் நிறுவனம் ஜெயித்தது. அதுவும் கட்டப்படவில்லை. கடைசியில் மோஷே சாப்டி வடிவமைத்த கண்ணாடிக் கட்டிடம் 1988ல் திறக்கப்பட்டது. "தற்காலிகம்" என்ற வார்த்தைக்கு அரசாங்க அகராதியில் 28 வருடம் என்று அர்த்தம் :-)

இரண்டு போட்டிகள், இரண்டு வெற்றியாளர்கள், ஒரு செங்கல்கூட இல்லை. இன்று ஒட்டாவாவுக்குப் போகிற சுற்றுலாப் பயணிக்கு இது எதுவும் கண்ணில் படாது. கட்டிடம் தன் வரலாற்றைச் சொல்லாது. காகிதம்தான் சொல்லும். ஒரு நாடு என்ன கட்டியது என்பதைத் தெருவில் நடந்தால் பார்த்துவிடலாம். என்ன கட்ட ஆசைப்பட்டு, ஏன் கைவிட்டது என்பதை ஆவணக் காப்பகத்தில்தான் பார்க்க முடியும்.

2023: விடைத்தாள் கையில் இருந்ததால் எழுந்த கேள்வி

பழைய கதை போதும். சமீபத்திய ஒன்றைப் பார்ப்போம்.

ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய கனடியர்களுக்காக ஒட்டாவாவில், போர் அருங்காட்சியகத்துக்கு எதிரே, தேசிய நினைவுச் சின்னம் அமைக்கப் போட்டி நடந்தது. ஐந்து குழுக்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. நடுவர் குழு தேர்ந்தெடுத்தது மொன்ட்ரியாலைச் சேர்ந்த தவுஸ்ட் நிறுவனத்தின் குழுவை. ஓவியச் சிற்பக் கலைஞர் லூக்கா போர்ட்டினும், முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்போரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆனால் 2023 ஜூனில் அரசாங்கம் அறிவித்தது வேறு குழுவை. கலைஞர் ஏட்ரியன் ஸ்டிம்சனின் குழு. இணையத்தில் நடத்திய கருத்துக் கேட்பில் 10,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள், முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தினரும் இந்த வடிவத்தையே விரும்பினார்கள் என்பது அரசாங்கம் சொன்ன காரணம்.

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்தவர்களின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கக் கூடாதா என்று ஒரு பக்கம் கேட்கலாம். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றினால் அடுத்த தடவை யார் விளையாட வருவார்கள் என்று மறுபக்கம் கேட்கலாம். இரண்டாவது கேள்விதான் கனமானது. படைவீரர்களின் விருப்பம்தான் முக்கியம் என்றால் அதை முதலிலேயே விதிமுறையில் எழுதியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்டிம்சனும் ஒரு முன்னாள் படை சார்ந்த கலைஞராகப் போட்டியில் தலைநிமிர்ந்து நின்றிருப்பார். தீர்ப்பு மாறிய விதத்தால் ஜெயித்தவருக்கும் சங்கடம், தோற்றவருக்கும் சங்கடம்.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. இந்தச் சண்டை நடக்க முடிந்ததே எதனால்? நடுவர் குழு யாரைத் தேர்ந்தெடுத்தது என்பது வெளியே தெரிந்தது. ஐந்து வடிவங்களையும் மக்கள் பார்த்திருந்தார்கள். விதிமுறை எழுத்தில் இருந்தது. அதனால்தான் நாடாளுமன்றக் குழு அதிகாரிகளையும் அமைச்சர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடிந்தது. நடுவர் தீர்ப்பு மூடிய உறைக்குள்ளேயே இருந்திருந்தால் கேள்வியே பிறந்திருக்காது.

காகிதம் எங்கே இருக்கிறது?

கனடாவில் காப்பகங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் நூலகம் மற்றும் ஆவணக் காப்பகம் ஒட்டாவாவிலும் காட்டினோவிலும் இருக்கிறது. 1979ல் பில்லிஸ் லாம்பர்ட் தொடங்கிய கனடியக் கட்டிடக்கலை மையம் மொன்ட்ரியாலில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தை வடிவமைத்த எர்னஸ்ட் கோர்மியேயின் காகிதங்கள் அங்கேதான். கால்கரி பல்கலைக்கழகத்தில் கனடியக் கட்டிடக்கலை ஆவணங்கள் என்ற தனிச் சேகரிப்பு இருக்கிறது. டொரண்டோவின் பாண்டா புகைப்பட நிறுவனம் எடுத்த கட்டிடப் படங்களின் பெரும் தொகுப்பு, நாட்டின் இன்னொரு பக்கத்தில் உள்ள அந்தக் கால்கரியில் கிடக்கிறது. மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஜான்-பியர் ஷூப்பானின் ஆய்வுக் குழு, கனடாவில் நடந்த போட்டிகளை, தோற்ற வடிவங்களோடு சேர்த்து, வருடக்கணக்காகத் தொகுத்து வருகிறது. பாராட்ட வேண்டிய வேலை.

பிரச்சினை என்னவென்றால் இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு கூரை ஆகவில்லை. 2004ம் வருடச் சட்டப்படி, மத்திய அரசின் எந்த ஆவணத்தையும் தேசியக் காப்பாளரின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் அழிக்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் அது அரசாங்கத்தின் ஆவணங்களுக்கு மட்டும். போட்டியில் தோற்ற ஒரு சின்ன நிறுவனத்தின் வரைபடம் அந்த நிறுவனத்தின் சொந்தச் சொத்து. நிறுவனம் மூடினாலோ, முதலாளி ஓய்வு பெற்றாலோ, அதன் கதி அவர் வாரிசுகளின் கையில். யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் காப்பகம் வாங்கிக்கொள்ளும். பேர் பெற்றவர்களின் காகிதத்தை வாங்க ஆள் உண்டு. பேர் பெறாதவர்களுக்கு?

இதில் கம்ப்யூட்டர் வேறு வந்து சேர்ந்தது. 1859ல் தாளில் போட்ட கோட்டை இன்றும் கண்ணால் பார்க்கலாம். 1990களில் பிளாப்பியில் சேமித்த வரைபடத்தைத் திறக்க, அந்தக் காலத்து மென்பொருளும் அதை ஓட்டுகிற இயந்திரமும் வேண்டும். கோப்பு இருக்கும், திறக்காது. மொன்ட்ரியால் மையம் 2013ல் இதற்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. பூட்டு இருக்கிறது, சாவி தொலைந்துபோனது என்ற நிலைமைதான். ஆகவே நேற்றைய ஆவணம் முந்தாநாள் ஆவணத்தைவிட ஆபத்தில் இருக்கிறது.

எதிர்வாதங்கள்

"எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடம் ஏது?" என்பது முதல் கேள்வி. நியாயமானது. ஐந்நூறு மரப் பெட்டிகளை வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் சில தாள்கள், மாதிரியின் புகைப்படம், நடுவர் அறிக்கை, மதிப்பீட்டுக் கணக்கு. அவ்வளவு போதும். டொரண்டோவின் ஐந்நூறு மாதிரிகளை இன்று பார்க்க முடிவது புகைப்படமாக எடுத்து வைத்ததால்தான். கட்டிடச் செலவோடு ஒப்பிட்டால் இது சாப்பாட்டில் கறிவேப்பிலைச் செலவு.

"நடுவர்கள் பேசுவது வெளியே வரும் என்றால் மனம் திறந்து பேச மாட்டார்கள்" என்பது இரண்டாவது. இதற்கும் வழி உண்டு. முடிவையும் காரணத்தையும் உடனே வெளியிட்டு, உள்ளே நடந்த வாக்குவாதத்தைச் சில வருடங்கள் மூடி வைக்கலாம். கனடாவில் அமைச்சரவை ரகசியங்களுக்கே தகவல் சட்டத்தில் 20 வருட வரம்புதான். ஒரு நூலகக் கட்டிடத்தின் நடுவர் குழு அமைச்சரவையைவிட ரகசியமானதா என்ன?

மூன்றாவது, காப்புரிமை. கனடாவில் 2022 முடிவில் இருந்து படைப்பாளி இறந்து 70 வருடம் வரை உரிமை நீடிக்கிறது. ஆனால் வைத்திருப்பது வேறு, எடுத்துப் பயன்படுத்துவது வேறு. "உரிமை உங்களுடையது, ஒரு பிரதி பொதுக் காப்பகத்துக்கு" என்று போட்டி விதியிலேயே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. கையெழுத்துப் போடும் நாளில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். முப்பது வருடம் கழித்து வாரிசைத் தேடிப்போய்க் கேட்பதுதான் கஷ்டம்.

என்ன செய்யலாம்?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 1982ல் மிசிசாகா நகரசபைப் போட்டிக்கு 246 வடிவங்கள் வந்தன. எட்வர்ட் ஜோன்ஸும் மைக்கேல் கிர்க்லாண்டும் ஜெயித்தார்கள். 1987ல் கட்டிடம் திறக்கும் முன்பே, 1984ல், அந்தப் போட்டியைப் பற்றி ஒரு புத்தகமே வெளிவந்துவிட்டது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு அது சாட்சி.

பொதுப்பணம் செலவாகும் ஒவ்வொரு வடிவமைப்புப் போட்டியிலும் மூன்று நிபந்தனைகள் இருந்தால் போதும். வந்த எல்லா வடிவங்களின் பிரதியும் ஒரு பொதுக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நடுவர் அறிக்கை வெளியாக வேண்டும், அரசாங்கம் அதை மீறினால் மீறியதற்கான காரணமும் அதே கோப்பில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கோப்புகளோடு எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய ஒரு சாதாரண வடிவமும், முடிந்தால் தாளில் ஒரு அச்சும் சேர வேண்டும். இதற்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே ஒரு தனி வரியாகப் போட்டுவிட வேண்டும். தனி வரி இல்லாத செலவு எந்த பட்ஜெட்டிலும் முதலில் வெட்டப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1955ல் டொரண்டோ மாணவர்கள் கடிதம் எழுத முடிந்தது, எதிர்க்க ஒரு வரைபடம் கண் முன்னால் இருந்ததால். அந்தக் கடிதம் எழுதியவர்களுக்கு ஏறக்குறைய இதைப் படிக்கும் பலருடைய வயதுதான் இருந்திருக்கும். ஒரு நகரத்தின் முகம் மாறியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நாளைக்கு வரப்போகிற மாணவர்களும் அப்படிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், அவர்கள் பார்ப்பதற்கு விடைத்தாள்கள் மிச்சம் இருக்க வேண்டும். முதல் மார்க் வாங்கியது மட்டும் அல்ல, எல்லாமே.